கருவாட்டு டிஷ்ஷும் எட்டு டிகிரியும்

எங்கள் வீட்டில் ஸ்க்ரூடிரைவர் என் கையில்தான் இருக்கும். என் கணவருக்கு அணுமின் நிலையத்துக்காரர்கள் இருக்கிற அணுபுரத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. மின்சாரம் தயாரிக்கிறவர்களுக்கு நடுவில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வருகிற மனிதர், வீட்டில் ஃப்யூஸ் போனால் மெழுகுவர்த்தியைத்தான் தேடுவார். நான் செங்கல்பட்டில் பெண்கள் பள்ளி ஒன்றில் இயற்பியல் டீச்சர். ஃப்யூஸ் போடுவது, மிக்ஸிக்குக் கார்பன் மாற்றுவது, இஸ்திரிப் பெட்டிக்கு ஒயர் மாற்றுவது எல்லாம் என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு டிஷ் பைத்தியம் பிடித்தது. கேபிள்காரர் எதைக் காட்டுகிறாரோ அதைத்தான் பார்க்கவேண்டும் என்பது எனக்குச் சரிப்படவில்லை. பழைய புத்தகக் கடையில் வாங்கிய வெளிநாட்டு எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகை ஒன்றில் ஒரு படம் போட்டிருந்தார்கள். செயற்கைக்கோள்கள் எல்லாம் கிழக்கிலிருந்து மேற்கு வரை வானத்தில் ஒரே வளைவில் வரிசையாக நிற்கின்றன. சாதாரண டிஷ் அதில் ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டு அசையாமல் இருக்கும். அதையே ஓர் அச்சில் மாட்டி, மோட்டார் வைத்து அந்த வளைவின் மேல் ஓட்டினால் ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் பிடிக்கலாம். நானே செய்துவிடுவது என்று முடிவு கட்டினேன். கணவர் பத்திரிகையை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒழுகுகிற குழாயை முதலில் பார்க்கலாமே என்று மட்டும் சொன்னார்.

டிஷ் கிடைத்தது மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தபோது கண்ணில் பட்டது. எட்டடி அகலம், அலுமினியக் கம்பி வலை. பக்கத்து விடுதிக்காரர்கள் வேண்டாமென்று தூக்கிப் போட்டதை ஓர் அம்மா எடுத்துவந்து, மணலில் நாலு கல்லின் மேல் மல்லாக்க வைத்து, அதில் நெத்திலி காயப்போட்டிருந்தார். காற்று அடியிலும் புகுந்து வருவதால் கருவாடு சீக்கிரம் காய்கிறதாம். அதை எனக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அப்புறம் இதை எதில் காயவைப்பது என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பழைய இரும்புக் கட்டில்களில் நைலான் வலையை இழுத்துக் கட்டி, டெம்போவில் கொண்டுபோய் இறக்கினேன். அவர் வலையை அழுத்திப் பார்த்தார். திருப்தி.

"எட்துனு போம்மா. ஆனா மேல ஒரு வல போட்டுக்கோ, இல்லாங்காட்டி காக்கா ஒண்ணு வுடாது" என்று சொல்லி அனுப்பினார். நான் அதில் என்ன காயப்போடப் போகிறேன் என்று அவர் கேட்கவே இல்லை.

நாங்கள் சுத்த சைவம். என் அப்பா திருப்போரூர் முருகன் கோயிலில் ஓதுவார். சன்னிதியில் நின்று பதிகம் பாடுவது அவர் உத்தியோகம். அப்படிப்பட்டவருடைய மகள் வீட்டு மொட்டைமாடியில் கருவாட்டு டிஷ். சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தேன், புளி போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சம்பழம் ஒரு கூடை தீர்ந்தது. வாடை போவேனா என்றது. தெருவில் இருந்த பூனைகள் அத்தனையும் எங்கள் மாடிக்குக் குடிவந்துவிட்டன.

அதைப் பார்த்து முதலில் சிரித்தவர் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. எங்கள் மாடிக்கும் அவர்கள் மாடிக்கும் நடுவில் முழங்கால் உயரச் சுவர்தான். அந்த வீட்டுக்காரருக்குப் பஜாரில் லாரி உதிரிபாகக் கடை. அவர் மனைவி என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள், என்னை டீச்சரக்கா என்பாள். அவளுடைய அம்மாவைத்தான் நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். ஐந்து வேளையும் தொழுகிறவர். வாய் மட்டும் யாரையும் விட்டுவைக்காது.

"இன்னா டீச்சரு, எங்க வூட்ல இன்னிக்கு சாம்பாரு, உங்க வூட்ல கவுச்சி வாடை. கேக்கறவங்களுக்கு இன்னான்னு பதில் சொல்றது?" என்றார்.

சொன்னாரே தவிர, மருமகனிடம் சொல்லி எனக்கு வேண்டியதையெல்லாம் கடையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தவரும் அவர்தான். லாரியின் பழைய வைப்பர் மோட்டார் ஒன்று, உடைந்த ஜாக்கியின் திருகுத் தண்டு ஒன்று. மோட்டார் சுற்றினால் தண்டு நீளும், அல்லது உள்ளே போகும். அது டிஷ்ஷின் முதுகைத் தள்ளும், இழுக்கும். டிஷ் திரும்புவதற்கான அச்சுக்கு மீன்பாடி வண்டியின் பழைய அச்சும் பேரிங்கும் கிடைத்தன. டிஷ்ஷுக்கும் அதற்கும் ராசி நன்றாகத்தான் இருந்தது.

டிஷ் எவ்வளவு தூரம் திரும்பியிருக்கிறது என்று கீழே கூடத்தில் உட்கார்ந்துகொண்டே தெரியவேண்டுமே. அதற்கு ஒரு வழி செய்தேன். தண்டு ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் அதில் ஒட்டிய காந்தம் ஒரு சின்ன சுவிட்சைக் கடந்து போகும். அந்த சுவிட்சின் ஒயர்களைக் கீழே கொண்டுவந்து, பழைய கால்குலேட்டர் ஒன்றின் சமக்குறிப் பொத்தானுக்கு அடியில் பற்றவைத்தேன். ஒன்று கூட்டல் ஒன்று என்று அழுத்திவைத்துவிட்டால் சுற்றுக்கு ஒன்றாக எண் ஏறிக்கொண்டே போகும். திரும்பி வரும்போது கழித்தல். இதை என் கணவரிடம் விளக்கியபோது, கால்குலேட்டருக்கு ஷாக் அடிக்காதா என்று கேட்டார். விட்டுவிட்டேன்.

வெல்டிங்காரரோடுதான் பெரிய வழக்கு. பத்திரிகைப் படத்தில் அச்சு நன்றாக நிமிர்ந்து நிற்கும். அது வடக்கே வெகுதூரத்தில் இருக்கிற நாட்டுக்காரர்களுக்கு. எங்கள் ஊரின் அட்சரேகைக்குப் பன்னிரண்டரை டிகிரி சாய்வு போதும், அச்சு கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். நான் படத்தைத் தப்பாகப் பார்க்கிறேன் என்று அவர் சாதித்தார். பூமி உருண்டையை வரைந்து காட்டினேன். அவர் உருண்டையையும் என்னையும் பார்த்தார். கடைசியில், நான் சொன்னபடி வைத்துத் தருவதாகவும் நாளைக்கு யாராவது கேட்டால் தன் பேரைச் சொல்லக்கூடாது என்றும் சொல்லிவிட்டு வைத்துத் தந்தார்.

இதில் ஒன்றே ஒன்றுதான் முக்கியம். அந்த அச்சு நேர் வடக்கைப் பார்க்கவேண்டும். பள்ளி ஆய்வகத்திலிருந்து திசைமானி எடுத்துக்கொண்டு போனேன். சுற்றிலும் இரும்பு, முள் நிலைகொள்ளாமல் தவித்தது. சரி போ என்று பைக்குள் போட்டுவிட்டேன். எனக்கு எதற்குத் திசைமானி? எங்கள் வீடு அப்பா திசை பார்த்துக் கட்டிய வீடு. அப்போது அங்கே தெருவே கிடையாது. வேலிகாத்தான் புதரும் மனைக்கல்லும்தான். முகூர்த்தத்தன்று அப்பா தானே நின்று கயிறு பிடித்துக் கடைக்கால் போட்டார். பக்கத்து வீட்டை எங்கள் சுவரிலிருந்து அளந்து கட்டினார்கள். அதற்கடுத்த வீட்டை அந்தச் சுவரிலிருந்து. அப்புறம் வந்த தெருவும் அதே வரிசையில் போய்விட்டது. பெரியம்மா குடிவந்த அன்று தொழுவதற்கு மேற்கு எது என்று அப்பாவைத்தான் கேட்டார். அப்பா கையை நீட்டிக் காட்டினார். பள்ளிவாசலில் சொல்லியிருந்தபடி அதிலிருந்து கொஞ்சம் வடக்கே சாய்த்து, அவர் தன் தொழுகைப் பாயைப் போட்டுக்கொண்டார்.

ஆகவே நானும் மாடிச் சுவரோடு டேப்பை வைத்து, இம்மி பிசகாமல் அதற்கு இணையாக அச்சை நிறுத்தி, போல்ட்டுகளைக் கான்கிரீட்டில் புதைத்துவிட்டேன்.

முதல் நாள் மோட்டாரை ஓட்டியபோது டிஷ் முனகிக்கொண்டே திரும்பியது. மேலே கிடந்த பூனை ஒன்று குதித்து ஓடியது. கால்குலேட்டரில் எண் ஏறிக்கொண்டே வந்து நூற்றுத் தொண்ணூறைத் தாண்டியதும் டி.வி.யில் பளிச்சென்று படம். ஒரு வாரத்தில் உச்சிக்குப் பக்கத்தில் இருந்த நாலைந்து செயற்கைக்கோள்களைப் பிடித்துவிட்டேன். கூடத்துச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்தோம், கிரிக்கெட் இத்தனை, பாட்டு இத்தனை, சீனாக்காரர்கள் சமையல் இத்தனை என்று. பக்கத்து வீட்டுக்கும் ஓர் ஒயர் போனது. அவளுக்கு எந்தச் சானல் வேண்டுமென்றாலும் சுவரைத் தட்டுவாள், நான் டிஷ்ஷைத் திருப்புவேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் இருந்த மாதங்கள் குறைவு.

அந்த வருஷம் பெரியம்மாவின் பெயர் ஹஜ் பயணப் பட்டியலில் வந்தது. அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அவர் கேட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். துவா கேட்கும்போது அவர் கையேந்தி முணுமுணுப்பதை எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். சர்க்கரை வியாதி, ஒரு கண்ணில் புரை. ஆனாலும் போயே தீருவேன் என்று நின்றார். கிளம்புகிற அன்று வாசலில் கூட்டம். ஹஜ்ஜில் முக்கியமே, அத்தனை பேரும் ஒருநாள் அரஃபா வெளியில் கூடி நின்று துவா கேட்பதுதான். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"நீங்க அரஃபாவுல போய் நில்லுங்க பெரியம்மா. நாங்க இங்கேருந்து டி.வி.ல பார்க்கறோம்" என்றேன். அவ்வளவு பேர் முன்னால்.

அவர் என் கன்னத்தைத் தொட்டார். "நான் நிக்கிறேன். நீ பாரு."

அதைக் காட்டுகிற அரபு நாட்டுச் சானல் வளைவின் மேற்கு ஓரத்தில், பனைமரங்களின் தலைக்குச் சற்று மேலே இருக்கிற ஒரு செயற்கைக்கோளில் வருகிறது. அதற்கென்ன, தண்டை இன்னும் கொஞ்சம் நீட்டினால் ஆயிற்று என்று நினைத்திருந்தேன். நீட்டினேன். ஒன்றும் இல்லை. டி.வி.யில் புள்ளி புள்ளியாக இரைச்சல்தான். முன்னே ஓட்டினேன், பின்னே ஓட்டினேன். ஒரு வாரம் தினமும் பள்ளி விட்டு வந்து இதே வேலை. டிஷ்ஷின் நடுவில் கம்பிகளின் உச்சியில் உட்கார்ந்து சிக்னலை வாங்குகிற பெட்டியைப் பழித்தேன். ஒயரைப் பழித்தேன். ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டதற்காகக் கணவரிடம் எரிந்து விழுந்தேன். அவர் காபி போட்டு வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

பெரியம்மா அங்கே போய் இறங்கியதும் கடைக்கு ஒரு ஃபோன் வந்தது. அதற்கப்புறம் பத்து நாளாக ஒரு சேதியும் இல்லை. கூடப் போனவர்கள் வீட்டில் விசாரித்தால் அவர்களுக்கும் தெரியவில்லை. தினமும் சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி மாடிச் சுவரில் வந்து உட்கார்ந்துகொள்வாள். முதல் இரண்டு நாள் பேசினாள். அப்புறம் டிஷ்ஷையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாடு இறங்கவில்லை என்று அவள் கணவர் என் கணவரிடம் சொல்லியிருக்கிறார்.

"கூட்டத்துல எங்கம்மா தெரியாதுன்னு எனக்குந் தெரியும் டீச்சரக்கா" என்றாள் ஒருநாள். "அந்த எடம் எப்டி கீதுன்னு ஒரு வாட்டி பாத்துட்டா தூக்கம் வரும். அவ்ளோதான்."

அதற்கு மேல் எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

வழி காட்டியது டி.வி.யே. ஒரு மத்தியானம் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தபோது அடியில் ஓர் அறிவிப்பு ஓடியது. சூரியனின் குறுக்கீட்டால் சில நாட்களுக்குப் பகலில் சில நிமிடங்கள் ஒளிபரப்பு தடைபடும், பொறுத்தருளவும். வருஷாவருஷம் மார்ச்சில் வருகிற அறிவிப்புதான், இதுவரை பொறுத்தருளிக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்கு மண்டையில் உறைத்தது. சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்பதால்தானே தடை? அப்படியென்றால் இந்தச் சில நாட்கள் சூரியன் நடக்கிற பாதையும் செயற்கைக்கோள்கள் நிற்கிற வளைவும் ஒன்றேதான். டிஷ்ஷைச் சூரியனின் பின்னாலேயே மேற்கு வரை ஓட்டிப் பார்த்தால், அது எங்கே வழி தவறுகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை மாடியை விட்டு இறங்கவில்லை. நடுப்பகலில் டிஷ்ஷைச் சூரியனுக்கு நேராகத் திருப்பினேன். சிக்னல் பெட்டியின் நிழல் டிஷ்ஷின் நட்டநடுவில் பொட்டு வைத்தாற்போல் விழுந்தது. இரண்டு மணிக்குச் சூரியனோடு டிஷ்ஷையும் மேற்கே நகர்த்தினேன். நிழல் நடுவிலிருந்து தெற்கே மூன்று விரல் தள்ளி விழுந்தது. நாலேகாலுக்கு அரைச் சாண். மேற்கே போகப் போக என் டிஷ் ஒரு பாதையிலும் சூரியன் ஒரு பாதையிலும் போய்க்கொண்டிருந்தன. உச்சியில் இருக்கும்வரை அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஓரத்துக்குப் போனால்தான் தெரியும். என் அச்சு வடக்கைப் பார்க்கவில்லை.

டேப்பை எடுத்து மறுபடியும் அளந்தேன். அச்சு சுவருக்கு அச்சுப் பிசகாத இணையாகத்தான் இருந்தது.

மறுநாள் எனக்குத் தேர்வு மேற்பார்வை இல்லை, வீட்டில்தான் இருந்தேன். துணிக்கொடியிலிருந்து ஒரு நூலில் பூட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன். நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு இல்லை, கால் மணி நேரம் கழித்து. அந்த நேரத்தில் நூலின் நிழல் தரையில் எங்கே விழுகிறதோ அதுதான் நேர் தெற்கு வடக்கு. நிழலின் மேலேயே சாக்பீஸால் கோடு இழுத்தேன். கோட்டையும் சுவரையும் பார்த்தேன். வகுப்பில் கரும்பலகைக்கு வைத்துக்கொள்கிற பெரிய மரக் கோணமானியைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். எட்டு டிகிரி. தண்ணீர்த் தொட்டி ஓரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் சுவர் கோணல். எங்கள் வீடு கோணல். எங்கள் தெருவே கோணல்.

அந்த வாரக் கடைசியில் அப்பா வந்தார். மாதம் ஒருமுறை திருப்போரூரிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டுப் போவார். மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கோட்டைக் காட்டினேன். பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது. கடைக்கால் போட்ட அன்று திசையை எப்படிப் பார்த்தீர்கள் என்று குறுக்கு விசாரணை செய்தேன்.

"ஆவணி மாசம். நல்ல முகூர்த்தம். உதயத்துல சூரியன் எழும்பின எடத்துக்கு நேரா கயிறு பிடிச்சேன். இதைவிட என்ன வேணும்?" என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. சூரியன் வருஷத்தில் இரண்டே நாள்தான் நேர் கிழக்கில் உதிக்கும். வருஷாவருஷம் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம், இரண்டு மதிப்பெண் கேள்வி. ஆவணியில் அது வடக்கே தள்ளித்தான் எழும்பும்.

"சூரியன் பொய் சொல்லுமாம்மா?" என்று கேட்டார் அப்பா.

"அது பொய் சொல்லலப்பா. நீங்க கேட்ட நாள் தப்பு."

வீடு கோணலாகிவிட்டதே, வாஸ்து என்ன ஆவது என்று பதறுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கோட்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், அப்புறம் பக்கத்து மாடியைப் பார்த்தார். "அந்தம்மாவுக்கு மேற்கு காட்டினது நான்தானே" என்றார் மெதுவாக. கணவர் போட்டுவைத்த காபியைத் தொடாமலேயே அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார். சன்னிதியில் மைக் இல்லாமல் பாடுகிற மனிதர், படியிறங்கும்போது செருமக்கூட இல்லை. எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

மறைத்துவைத்து என்ன பிரயோஜனம் என்று பக்கத்து வீட்டிலும் சொல்லிவிட்டேன். அம்மா இத்தனை வருஷம் தொழுததெல்லாம் என்ன ஆவது என்று அவள் பதறினாள். அவள் கணவர் பள்ளிவாசலுக்குப் போய் இமாமைக் கேட்டுவிட்டு வந்தார். தெரியாமல் கொஞ்சம் விலகியிருந்தால் தொழுகைக்கு ஒரு குறையும் இல்லை, மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளவேண்டாம் என்று இமாம் சொல்லியிருக்கிறார். அவர்கள் ஆறுதலடைந்தார்கள். அதை அப்பாவுக்கு ஃபோன் செய்து சொன்னேன். சரிம்மா என்றார். குரலில் ஆறுதல் இல்லை.

அரஃபா நாளுக்கு ஐந்து நாள் இருந்தது. வெல்டிங்காரரைக் கூப்பிட்டேன். கான்கிரீட்டை உடைக்க நேரமில்லை. அடித்தட்டில் போல்ட் துளைகளை வளைவாக நீட்டி வெட்டி, அச்சை அப்படியே எட்டு டிகிரி திருப்பி முடுக்கச் சொன்னேன். சுவர் ஒரு பக்கம் போக, அச்சு ஒரு பக்கம் போக, பார்க்கவே கண்றாவியாக இருந்தது.

"இன்னாக்கா இது, கோணலா கீதே" என்றார் அவர்.

"அண்ணே, இதுதான் நேரு. மத்ததெல்லாம் கோணல்" என்றேன். அவர் கருவிகளை அள்ளிக்கொண்டு போனார்.

இரண்டாம் நாள் மாலை, எண்ணிக்கை முந்நூற்று நாற்பத்தொன்றில், மேற்கு ஓரத்திலிருந்து ஓர் அரபிக் குரல் வந்தது. முதலில் குரல் மட்டும். மூன்று சுற்று முன்னே ஓட்டினேன், படமும் வந்தது. நான் சுவரைத் தட்டவில்லை. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

அரஃபா நாளன்று இரண்டு வீடும் அவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் மூன்று மணி. அவர்கள் ஒளிபரப்பு முறை வேறு என்பதால் எங்கள் பெட்டிகளில் நிறம் வராது, கறுப்பு வெள்ளைதான். வெள்ளை உடுத்தியவர்கள், குடை பிடித்தவர்கள், மலைச்சரிவு தெரியாதபடி மனிதர்கள். காமிரா மேலிருந்து மெதுவாக நகர்ந்துகொண்டே போனது, கூட்டம் முடியவே இல்லை. அவள் அழுவாள் என்று நினைத்துக் கைக்குட்டை எடுத்துப் போயிருந்தேன். அவள் அழவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"எவ்ளோ பேரு கீறாங்க" என்றாள் கடைசியில். "இவ்ளோ பேருல யாராவது ஒருத்தர் எங்கம்மாவுக்குத் தண்ணி குடுத்துருப்பாங்க, இல்லக்கா?"

குடுத்திருப்பாங்க என்றேன். கைக்குட்டை எனக்குத்தான் தேவைப்பட்டது. அன்று சாயங்காலம் அவளே இரண்டு வீட்டுக்கும் சேர்த்துச் சேமியா காய்ச்சி, அவளும் இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். அடுத்த வாரம் ஃபோன் வந்தது. பெரியம்மா நன்றாக இருந்தார். அவர் தங்கியிருந்த இடத்தில் ஃபோனுக்கு வரிசை நீளமாம், நிற்கப் பொறுமையில்லாமல் இருந்துவிட்டாராம்.

வந்து இறங்கியபோது இளைத்துக் கறுத்திருந்தார். வாசலில் என்னைப் பார்த்ததும் முதல் பேச்சு அதுதான். "நான் நின்னேன் டீச்சரு. நீ பாத்தியா?"

பார்த்தேன் பெரியம்மா என்றேன். என் தலையில் கைவைத்தார்.

சுவர் விஷயத்தை மகள் காரிலேயே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டு, அந்த மரக் கோணமானியையும் சாக்பீஸையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். இனிமேல் தொழுவதற்கு ஒழுங்காக ஒரு கோடு போட்டுக்கொடு என்றார். நான் தரையில் உட்கார்ந்து கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அப்பா வந்தார். ஹஜ் முடித்து வந்தவரைப் பார்க்கவேண்டும் என்று ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தவர், வாசற்படியைத் தாண்டாமலே நின்றார். அன்றைக்குக் காபி குடிக்காமல் போனதற்கப்புறம் அவர் எங்கள் தெருவுக்கே வரவில்லை.

உள்ளே வரச் சொன்னார்கள். வந்து, தரையில் நான் பாதி இழுத்திருந்த கோட்டைப் பார்த்தார். பெரியம்மாவின் பழைய பாய் அதற்குக் கோணலாகக் கிடந்தது.

"அம்மா, நீங்க இங்க வந்தன்னிக்கு மேற்கு எதுன்னு என்னைத்தான் கேட்டீங்க. தப்பா காட்டிட்டேன்" என்றார் அப்பா. "பதினோரு வருஷம்..."

பெரியம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா அய்யா பேசறீங்க. நீங்க காட்ன பக்கம் பாத்துதான் பதினோரு வருசமா கேட்டுகினு இருந்தேன். ஹஜ்ஜுக்கு கூப்ட்டுட்டானே."

அப்பா மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பெரியம்மா ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து அவர் கையில் வைத்தார். பாதியில் நின்ற கோட்டை நான் அப்புறம்தான் முடித்தேன்.